பதினாலுன்னு வந்த ரிப்போர்ட்

என் நாத்தனாரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க. கத்திரிதான். பொம்பளைங்களுக்கு முடி வெட்டுற கடை வெச்சிருக்கா, அதனால வந்த பேருன்னு வெளியில நினைச்சுக்குவாங்க. அவ கையில கத்திரியை எடுக்கிறதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே அவ அண்ணன் வெச்ச பேரு அது, அவ வாய்க்காக. அந்த அண்ணனைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் இருபத்திரண்டு வருஷமா அந்த வாய்க்குப் பக்கத்துல குடித்தனம் பண்றேன். நாங்க கீழ் வீடு, அவ மாடி. கல்யாணம் வேண்டாம்னுட்டா. ஏன்னு கேட்டதுக்கு, "எங்க வீட்டுக்கு வந்த அண்ணி ஒருத்தியே போதும், நான் வேற போய் இன்னொரு வீட்டுல அண்ணியாகணுமா"ன்னு என் முன்னாடியே சொன்னா.

எனக்கும் வாய் ஒண்ணும் குறைச்சல் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க். ஒரு பிள்ளையோட பிறந்த தேதியில ஒரு எண்ணைத் தப்பா எழுதிட்டா, அந்தப் பிள்ளை வேலைக்குப் போய் ஓய்வு வாங்குற வரைக்கும் அந்தத் தப்பு பின்னாடியே நடக்கும். அதனால எண் விஷயத்துல நான் கொஞ்சம் பிடிவாதம். "அண்ணி கனவு கண்டாக்கூட ரெண்டு பிரதி எடுத்து வெச்சுக்குவாங்க"ன்னு கத்திரி கிண்டல் பண்ணுவா.

அவ கடையில ரெண்டு நாற்காலி, தலை அலசுற தொட்டி ஒண்ணு, சுத்தியும் பன்னிரண்டு பல்பு வெச்ச கண்ணாடி ஒண்ணு. கண்ணாடிக்குப் பக்கத்துல ஒரு ரேக். ஷாம்பு, எண்ணெய், சீப்பு, கடைசித் தட்டுல முடிக்குப் போடுற மாத்திரை அட்டை. விற்பனையை அந்த ரேக் பார்த்துக்காது, அவ பின்னல் பார்த்துக்கும். இடுப்புக்குக் கீழே தொங்கும், என் மணிக்கட்டு கனம். வர்றவங்க தொட்டுப் பார்த்துட்டு என்ன போடுறீங்கன்னு கேட்பாங்க. கத்திரி திரும்பிக்கூடப் பார்க்காம ரேக்கைக் காட்டுவா. உண்மையில அவ வெறும் தண்ணி ஊத்திக் குளிக்கிறவ, அது பிறவியிலேயே வந்த முடி. தொழில் ரகசியம்னு என் வாயைக் கட்டிட்டா.

மூணரை வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், நாற்காலியில உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் கண்ணாடியில இவளைப் பார்த்துட்டு, "உங்க கண்ணு ஏன் மஞ்சளா இருக்கு"ன்னு கேட்டிருக்காங்க. பல்பு வெளிச்சம் அப்படின்னு சொல்லிட்டா. சாயங்காலமே பன்னிரண்டு பல்பையும் கழட்டிட்டு வெள்ளை பல்பு மாட்டினா. மறுநாள் வேற ஒருத்தங்க அதையே கேட்டாங்க. கடையைப் பாதியில பூட்டிட்டு வந்து என் முன்னாடி நின்னா. "அண்ணி, கொஞ்சம் பாருங்க." வாசல் வெளிச்சத்துல இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள்தான். அவ அண்ணனையும் கூப்பிட்டுக்கிட்டு மூணு பேருமா ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கணையத்துல கட்டி, புத்துநோய்க் கட்டி. அது பித்தக் குழாயை அழுத்தி அடைச்சிருக்கு, அதான் மஞ்சள். முதல்ல உள்ளே ஒரு சின்னக் குழாய் வெச்சு மஞ்சளை இறக்கினாங்க. அதுக்கப்புறம் எடுத்த ரத்தத்துல தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுன்னு ஒரு எண் வந்தது.

டாக்டருக்குச் சின்ன வயசு. காகிதத்துல படம் போட்டுக்கிட்டேதான் பேசுவார். "இந்தக் கட்டி ரத்தத்துல ஒரு பொருளை விடும். அதோட அளவுதான் இது. முப்பத்தேழுக்குள்ள இருக்கணும். உங்களுக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல இருக்கு. கட்டி பெரிய ரத்தக் குழாய் ஒண்ணு மேல சாஞ்சிருக்கு, அதனால இப்பவே வெட்ட முடியாது. நாலு மாசம் மருந்து ஏத்திட்டுப் பார்ப்போம்."

"அப்புறம் ஸ்கேன்ல தெரிஞ்சிடுமா?"ன்னு கேட்டேன்.

"முழுசாத் தெரியாதுங்க. செத்துப் போன கட்டியோட தழும்பும் ஸ்கேன்ல கட்டி மாதிரியேதான் இருக்கும். அதனால இந்த எண்ணையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவோம். இது நல்லா இறங்கினவங்களுக்கு ஆபரேஷன் பண்ணினா நிறைய பேர் வருஷக்கணக்கா நல்லா இருக்காங்க. இறங்காதவங்களை வெட்டினா பெரும்பாலும் வலிதான் மிச்சம். ஆறுறதுக்குள்ள நோய் திரும்ப வந்துடுது."

"இறங்கலேன்னா?"

"வேற மருந்து பார்ப்போம்"னார். சொன்ன வேகத்துலயே, அந்த வேற மருந்து மேல அவருக்குப் பெரிய நம்பிக்கை இல்லைன்னு எங்க மூணு பேருக்கும் புரிஞ்சது. கத்திரி முதல் தடவையா எதுவும் பேசாம வெளியே வந்தா.

மருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை. மூணு நாள் படுக்கை, அப்புறம் எழுந்து கடைக்குப் போயிடுவா. உட்கார்ந்தே முடி வெட்டக் கத்துக்கிட்டா. எல்லாத்தையும் தாங்கிட்டா, முடி மெலிய ஆரம்பிச்சதைத்தான் தாங்க முடியலை. இந்த மருந்துல மொத்தமாக் கொட்டாது, ஆனா தினமும் சீப்புல ஒரு கைப்பிடி. மணிக்கட்டு கனம் இருந்த பின்னல் சுண்டுவிரல் அளவுக்கு வந்தது. உயிரே ஊசலாடுறப்போ முடிக்கு அழுவாளான்னு நீங்க நினைக்கலாம். நானும் நினைச்சேன், வாயை விட்டுச் சொல்லவும் சொன்னேன். "இது என் தலை இல்லை அண்ணி, என் கடை போர்டு"ன்னா.

அப்புறம் ஒரு நாள், "கடையில கடைசித் தட்டுல இருக்கிற அட்டை ரெண்டு கொண்டு வாங்க"ன்னா. கொண்டு வந்து கொடுத்தேன். வாராவாரம் கொண்டு வந்து கொடுத்தேன். பள்ளிக்கூடம் விட்டு வர்ற வழியிலதான் கடை, எனக்கு என்ன கஷ்டம். ஒரு நாளைக்கு ஒண்ணு போட வேண்டியதை மூணு போட்டா. சுத்தமான விட்டமின், பயோட்டின்னு பெரிசா எழுதியிருக்கும். ஊருக்கெல்லாம் விக்கிறதை முதல் தடவையா அவளே நம்பிச் சாப்பிட்டா.

ஆஸ்பத்திரியில ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க, என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு. கத்திரி விரல் விட்டு எண்ணுவா. வாந்திக்கு ஒண்ணு, வலிக்கு ஒண்ணு, செரிக்கிறதுக்கு ஒண்ணு, எல்லாம் சரியாச் சொல்லுவா. இதை மட்டும் சொல்ல மாட்டா. மறைச்சாள்னு சொல்ல முடியாது. அவளுக்கு அது மருந்தே இல்லை. ஷாம்புக்குக் கீழ்த் தட்டுல இருக்கிற சாமான். நீங்க என்ன மருந்து சாப்பிடுறீங்கன்னு கேட்டா யாராவது சீப்பைச் சொல்லுவாங்களா? பக்கத்துலயே உட்கார்ந்திருந்த எனக்கும் தோணலை, இத்தனைக்கும் நான் கிளார்க்.

நாலு மாசம் முடிஞ்சது. ஸ்கேன்ல கட்டி கிட்டத்தட்ட அதே அளவுல இருந்தது. ரத்தத்துல பதினாலு.

டாக்டரே ரெண்டு தடவை பார்த்தார். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு எங்கே, பதினாலு எங்கே. "மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வெச்சுக்கலாம்"னார். என் வீட்டுக்காரர் முகம் கழுவிட்டு வர்றேன்னு போனவர் கால் மணி நேரம் கழிச்சுத்தான் வந்தார், கண்ணெல்லாம் சிவந்து. கத்திரி அவரைப் பார்த்து, "அண்ணா, சோப்புப் போட்டுத் தேய்ச்சீங்களா"ன்னு கேட்டா. அன்னிக்குத்தான் வாய் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்குற டெஸ்டெல்லாம் எடுத்தாங்க. மதியம் லேப்ல கூப்பிட்டாங்க. அங்கே பொறுப்புல இருக்கிற அம்மாவே எழுந்து வந்தாங்க. கண்ணாடியை நெத்தி மேல ஏத்தி விட்டுக்கிட்டு, "கையை நீட்டுங்க"ன்னாங்க. கத்திரி நீட்டினா. நாடியைப் பிடிச்சுப் பார்த்தாங்க. "உங்க ரிப்போர்ட்படி தைராய்டு எக்கச்சக்கமா வேலை செய்யுது. கை நடுங்கணும், நெஞ்சு படபடன்னு அடிக்கணும். உங்களுக்கு ரெண்டுமே இல்லையே."

"நான் முடி வெட்டுறவங்க. கை நடுங்கினா ஒருத்தி காது போயிடும்"னா கத்திரி.

அந்தம்மா சிரிக்கலை. "முடி வெட்டுறவங்களா? முடிக்கு, நகத்துக்குன்னு விட்டமின் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? பயோட்டின்?"

நான் வாயைத் திறக்கப் போனேன். கத்திரி முந்திக்கிட்டா. "ஏன் கேட்கிறீங்க?"

"எங்க மெஷின் அந்த விட்டமினைத்தான் பசை மாதிரி உபயோகிச்சு ரத்தத்துல இருக்கிறதைப் பிடிக்குது. ரத்தத்துலயே அந்த விட்டமின் நிறைய மிதந்தா மெஷின் ஏமாந்துடும். தைராய்டு தப்பா வரும். இன்னும் சிலதும் தப்பா வரும். உங்க கட்டிக்குப் பார்க்கிற எண்கூட நிஜத்தைவிடக் குறைச்சலாக் காட்டும்."

கத்திரி முகத்துல ஈயாடலை. ஒரு நொடிதான். "அதெல்லாம் நான் சாப்பிடுறதில்லை"ன்னா. கவுன்டருக்குக் கீழே என் காலை மிதிச்சா.

மாடிப்படிக்குப் பக்கத்துல இருந்த தண்ணிக் குழாய்கிட்ட அவளை இழுத்துக்கிட்டுப் போனேன். "என்ன பொய் சொல்ற நீ? வா, டாக்டர்கிட்ட சொல்லுவோம்."

"சொன்னா வெள்ளிக்கிழமை போயிடும்."

"போகட்டும். நிஜத்துல எண்ணூறா இருந்தா என்ன பண்ணுவ?"

"எண்ணூறா இருந்தா அவங்க என்னைத் தொடவே மாட்டாங்க அண்ணி. அதான் சொல்றேன். பதினாலுன்னு நினைச்சே வெட்டி எடுத்துடட்டும். கட்டி வெளியே வந்துடும்ல."

"எண்ணூறை வெச்சுக்கிட்டு வெட்டினா வலிதான் மிச்சம்னு அவர் படம் போட்டுச் சொன்னாரே, காதுல விழலையா?"

"உங்களுக்கென்ன, சுலபமாச் சொல்லுவீங்க. கட்டி உங்க வயித்துலயா இருக்கு?"

அவ கண்ணுல இருந்த பயத்தை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அப்படியே அவளைக் கட்டிக்கிட்டு, சரி விடு, நான் எதையும் பார்க்கலைன்னு சொல்லிடலாமான்னு இருந்தது. ஆனா அந்த அட்டையை வாராவாரம் கொண்டு போய்க் கொடுத்தவ நான். பொய் எண்ணுல என் கையும் இருக்கு. அதை நம்பி ஒரு மனுஷன் இவ வயித்தைத் திறக்கப் போறார்.

நடக்க ஆரம்பிச்சேன். பின்னாலயே வந்து கையைப் பிடிச்சா. "சொன்னீங்கன்னா இனிமே உங்க முகத்துல முழிக்க மாட்டேன்." கையை விடுவிச்சுக்கிட்டு டாக்டர் ரூமுக்குள்ள போய் எல்லாத்தையும் சொன்னேன். எத்தனை நாளா, ஒரு நாளைக்கு எத்தனை, டெஸ்ட் அன்னிக்குக் காலையில போட்டாங்களான்னு வரிசையாக் கேட்டார். போட்டாதான், நான்தான் தண்ணி கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். பேனாவை மூடி வெச்சுட்டு, "நல்ல வேளை சொன்னீங்க. ஒரு வாரம் அந்த மாத்திரை வேண்டாம், திரும்ப எடுப்போம்"னார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் ரத்தாயிடுச்சு.

சொன்னதைச் செய்யுறவ கத்திரி. அன்னியிலிருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. நான் எதிரிலயே உட்கார்ந்திருப்பேன், அவ அண்ணனைப் பார்த்து, "உங்க வீட்டுல இருக்கிறவங்ககிட்ட சொல்லுங்க, மாடியில தண்ணி வரலை"ம்பா. இவரும் என் பக்கம் திரும்பி, "மாடியில தண்ணி வரலையாம்"பார். நான், "மோட்டார் போட்டாச்சுன்னு சொல்லுங்க"ம்பேன். "என்னைப் போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்களேடி ரெண்டு பேரும்"னு தலையில கை வெச்சுக்கிட்டார்.

சிரிப்பா சொல்றேன், ஆனா அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆபீஸ்ல ஒரு பிள்ளையோட பிறந்த வருஷத்தையே மாத்தி எழுதிட்டேன், இருபது வருஷத்துல முதல் தடவையா. எண்ணூறுன்னு வந்துட்டா, அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவைச் சாத்தினவ நான்தான். அவ அண்ணன் என்னைத் திட்ட மாட்டார். அதை நினைச்சாத்தான் இன்னும் பயமா இருந்தது.

மறு வாரம் ரத்தம் கொடுத்தா. ரிப்போர்ட் வாங்க மூணு பேரும் போனோம். லேப் அம்மா ஜன்னல் வழியா காகிதத்தை நீட்டினாங்க. கத்திரி வாங்கலை. அவ அண்ணனுக்குக் கை வரலை. நான்தான் வாங்கினேன். தைராய்டு சரியா இருந்தது. அதுக்குக் கீழ் வரியில ஐம்பத்தெட்டு.

எனக்கு ஒண்ணும் ஓடலை. பதினாலா இல்லாம போச்சேன்னுதான் முதல்ல தோணுச்சு. முப்பத்தேழுக்குள்ள இருக்கணும்னாரே. காகிதத்தை எடுத்துக்கிட்டு டாக்டர் ரூமுக்குப் போனேன். அவர் பார்த்தார், பக்கத்துல பழைய காகிதத்தை வெச்சுப் பார்த்தார், நாற்காலியில சாஞ்சார்.

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டுல இருந்து ஐம்பத்தெட்டு. பத்துல ஒன்பது பங்குக்கு மேல இறங்கியிருக்கு. இது நிஜமான இறக்கம். நாம தைரியமா ஆபரேஷன் பண்ணலாம்"னார்.

வயித்துல பாலை வார்த்த மாதிரி இருந்ததுன்னு சொல்லுவாங்களே, அதை அன்னிக்குத்தான் அனுபவிச்சேன். என் வீட்டுக்காரர் இந்தத் தடவை முகம் கழுவப் போகலை, அங்கேயே உட்கார்ந்து அழுதார். கத்திரி நேரா லேப்புக்குப் போய் அந்தம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டா. நான் அவ பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னேன். என்னைத் தாண்டித்தான் போனா, என்னைப் பார்க்கலை. போடி, பார்க்காட்டி போன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். அன்னிக்கு எனக்கு எதுவுமே உறைக்கலை.

ஆபரேஷன் அடுத்த புதன்கிழமை, ஏழு மணி நேரம். வெட்டி எடுத்ததோட ஓரமெல்லாம் சுத்தமா இருக்குன்னு ரிப்போர்ட் வந்தது. அதுக்கப்புறம் மூணு வருஷம் ஓடிப் போச்சு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தது இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு தடவை. போன மாசம் பதினாறு. டாக்டர் எப்பவுமே சத்தியம் பண்ண மாட்டார், "இதுவரைக்கும் நல்லா இருக்கு"ம்பார். எங்களுக்கு அது போதும். கடையில ரேக்குக்கு மேல கத்திரி ஒரு அட்டை எழுதித் தொங்க விட்டிருக்கா: ரத்தப் பரிசோதனைக்குப் போறவங்க இந்த மாத்திரையைச் சாப்பிடுறதா டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லவும். விற்பனை கொஞ்சம் குறைஞ்சிருக்குன்னு மாத்திரை கம்பெனிக்காரர் வந்து முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டார். அவரை அவ அனுப்பி வெச்ச விதத்தை இங்கே எழுத முடியாது.

ஆனா எனக்கு மறக்காதது ஆபரேஷன் முடிஞ்ச ஆறாம் நாள். அதுவரைக்கும் அவ என்கிட்ட பேசலை. இவர் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்தார், ரூம்ல நாங்க ரெண்டு பேர்தான். கேன்டீன்ல வாங்கின சூப்பை ஸ்பூன்ல கொடுத்துக்கிட்டு இருந்தேன். நாலு வாய் வாங்கியிருப்பா.

"எண்ணூறுன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"ன்னா.

ஸ்பூன் பாதியில நின்னுது. இத்தனை நாள் கழிச்சு என்கிட்ட பேசின முதல் பேச்சு. "தெரியலை"ன்னேன்.

"நான் உங்களை மன்னிச்சிருக்க மாட்டேன் அண்ணி. சாகிற வரைக்கும்."

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போய்ச் சொன்னீங்களா?"

"ஆமா. நீ என்கிட்ட பேசாம இருந்தாலும் பரவாயில்லை, இருந்தா போதும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

அவ சீலிங்கையே பார்த்துக்கிட்டு இருந்தா. கண்ணோரத்துல தண்ணி காதுப் பக்கம் வழிஞ்சது, துடைச்சு விட்டேன். அப்புறம் வாயைத் திறந்தா. ஊட்டினேன். ஒரு வாய், இன்னொரு வாய், கிண்ணத்தைச் சாய்ச்சு அடியில இருந்ததையும் வழிச்சுக் கொடுத்தேன். நோய் வந்த நாள்லேர்ந்து சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கிட்டவ, நாங்க கெஞ்சிக் கெஞ்சித்தான் ரெண்டு வாய் உள்ளே போகும்.

"இன்னும் இருக்கா?"ன்னு கேட்டா.

"இருக்கு இருக்கு"ன்னு சொல்லிட்டு, காலிக் கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு கேன்டீனுக்கு ரெண்டு மாடி இறங்கி ஓடினேன்.